குட்டி நாய் கட்டில் காலைக் கரம்பினால்: கசப்பா, கூண்டா, காவலா?

எங்கள் நாய்க்குட்டி செவலை வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம். ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, ஆச்சியின் கட்டிலுக்கு அடியிலிருந்து ‘கருக்... கருக்’கென்று சத்தம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தேக்குக் கட்டிலின் கடைசல் காலை முன்னங்கால் இரண்டாலும் அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கடைவாயால் கரம்பிக்கொண்டிருந்தாள். தரையில் புட்டு மாவு சிந்தின மாதிரி மரத்தூள். ஆச்சியின் கல்யாணத்துக்குச் சீராக வந்த கட்டில் அது.

விடிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வேப்பெண்ணெய் பூசு, மிளகாய்ப்பொடி தூவு, சங்கிலியில் கட்டு, கூண்டு வாங்கு, ரெண்டு போடு போடு, பழைய செருப்பைக் கொடு. அடிப்பதையும் மிளகாய்ப்பொடியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடுத்த ஐந்து மாதத்தில் செய்து பார்த்துவிட்டோம். சிலது பலித்தது, சிலதில் காசுதான் போனது, இரண்டு விஷயத்தில் நல்லவேளையாக ஆபத்தில்லாமல் தப்பினோம். இப்போது இதே நிலைமையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது கசப்பு ஸ்பிரே. அதைக் கடைசியில் வாங்குங்கள். முதல் காசு தடுப்புக்கு, அடுத்தது வாய்க்கு. அதாவது குட்டி எட்டாதபடி சாமானை மறைப்பது ஒரு பாதி, கடிக்கத் தகுந்த ஒன்றை அதன் வாயில் வைப்பது மறு பாதி. இந்த இரண்டும் இல்லாத வீட்டில் எந்த மருந்தும் நிற்காது.

முதலில் பல் கணக்கு

நாய்க்குட்டிக்குப் பால் பல் 28. மூன்று வாரத்தில் முளைக்கத் தொடங்கி ஆறு, ஏழு வாரத்துக்குள் வந்துவிடும். மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பல் விழத் தொடங்கும். பிறகு கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று ஒவ்வொன்றாக மாறி, ஆறேழு மாதத்தில் 42 பல்லும் நிரந்தரமாக முளைத்திருக்கும். இடைப்பட்ட காலத்தில் ஈறு நமநமவென்று இருக்கும். கைக்குழந்தை கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

ஒருநாள் கூட்டும்போது அரிசி மாதிரி ஒன்று விளக்குமாற்றில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் செவலையின் முன்பல். அன்றைக்கு அவள் கடித்துக்கொண்டிருந்த துணியிலும் இரண்டு சொட்டு ரத்தம் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, பல் விழும்போது அப்படித்தான் இருக்கும். பெரும்பாலான பற்களைக் குட்டி விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படுவது ஒன்றிரண்டுதான். ஆறேழு மாதமாகியும் பழைய கோரைப்பல் விழாமல் புதுப்பல்லின் பக்கத்திலேயே நின்றால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொமரேனியன் போன்ற சின்ன ஜாதிகளில் இது அடிக்கடி நடக்கும்.

பல் முளைத்து முடிந்த அன்றே கடிப்பது நின்றுவிடாது. வயசு ஏறும் பருவத்தில், எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம் வரைக்கும் இன்னொரு சுற்று வரும். அப்போது காரணம் ஈறு இல்லை, சும்மா இருக்க முடியாத உடம்பு. ஆனாலும் கடுமையான காலம் என்பது மூன்று மாதத்திலிருந்து ஏழு மாதம் வரைதான். ஆகவே நாம் தேடுவது அந்த நாலைந்து மாதத்தைச் சேதமில்லாமல் தாண்டவைக்கும் வழியை.

ஒவ்வொரு வழியையும் நான் மூன்று கேள்வி கேட்டுத்தான் எடைபோட்டேன். நாம் பார்க்காதபோதும் அது வேலை செய்கிறதா? குட்டி விழுங்கினால் என்ன ஆகும்? எதைக் கடிக்கலாம் என்று அதற்கு ஏதாவது புரியவைக்கிறதா?

கசப்பு

கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்களில் பலவற்றில் டெனடோனியம் பென்சோயேட் என்ற பொருள் இருக்கும். 1958-இல் ஸ்காட்லாந்தில் மரப்பு மருந்துகளை ஆராயும்போது எதிர்பாராமல் கிடைத்தது. உலகத்தில் தெரிந்தவற்றுள் மிகக் கசப்பானவற்றில் இதுவும் ஒன்று என்கிறார்கள். குழந்தைகள் தவறிக் குடித்துவிடக் கூடாதென்று சில வீட்டுத் திரவங்களில் சேர்ப்பதும் இதைத்தான். அந்த மிகச் சிறிய அளவில் ஆபத்தில்லை. மூன்று கேள்வியில் இரண்டாவதுக்கு நல்ல பதில்.

மற்ற இரண்டில்தான் சறுக்குகிறது. நாய்க்கு நாக்கின் சுவை மொட்டுகள் நம்மைவிட மிகவும் குறைவு. சில குட்டிகள் கசப்பைச் சட்டையே செய்யாது. சட்டை செய்கிற குட்டிக்கும் ஒரு நாளில் வாசமும் கசப்பும் மங்கிவிடும். தினமும் அடிக்க வேண்டும், ஈரத்துணியால் துடைத்தால் மறுபடியும் அடிக்க வேண்டும். மெத்தை விரித்த சோபாவிலும் பாலீஷ் போட்ட மரத்திலும் கறை விழுமா என்று மறைவான ஓரத்தில் சோதிக்காமல் அடிக்கவும் முடியாது.

நாங்கள் வேப்பெண்ணெயில் தொடங்கினோம். பஞ்சில் தொட்டு நாலு காலுக்கும் பூசினோம். செவலை ஒருதரம் நக்கினாள், தலையை உதறினாள், தும்மினாள், போய்விட்டாள். இரண்டு நாள் வீடே நிம்மதி. மூன்றாம் நாள் கட்டிலை விட்டுவிட்டு அப்பாவின் சாய்வு நாற்காலியின் பிரம்பைப் பிரித்திருந்தாள். ‘இது வேண்டாம்’ என்று மட்டும் கசப்பு சொல்லும். எது வேண்டும் என்பதைக் குட்டியே தேடிக்கொள்கிறது. ஆச்சிக்கோ அந்த வாடையில் தூக்கம் போனது.

தொடவே கூடாத பட்டியல் ஒன்று உண்டு. மிளகாய்ப்பொடி கண்ணையும் மூக்கையும் பதம் பார்க்கும். கால் வழியாகக் கண்ணுக்குப் போனால் குட்டி துடித்துப்போய்விடும். நாற்காலிக் காலில் பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து கட்டுகிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நாப்தலீன் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். சின்னக் குட்டிக்கு ஓர் உருண்டையே உயிருக்கு உலை வைக்கலாம். கற்பூரம், நீலகிரித் தைலம், பினாயில் இவையும் அதே கணக்கில்தான் வரும். நாங்கள் தப்பிய இரண்டில் ஒன்று இதுதான். பீரோவுக்கு அடியில் எப்போதோ உருண்டுபோன பாச்சை உருண்டையைச் செவலை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

தடுப்பு: குழாய், கதவு, கூண்டு, சங்கிலி

எங்கள் கட்டிலைக் காப்பாற்றியது பிளம்பர் கடையில் வாங்கிய பிவிசி குழாய். கால் கனத்துக்குத் தகுந்த குழாயை முழங்கை நீளத்துக்கு நறுக்கி, ரம்பத்தால் ஒருபக்கம் நெடுகக் கீறி, விரித்து, காலில் மாட்டிவிட்டார் தச்சர். கீறிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈறு கிழியும். வழுவழுப்பான உருண்டைக் குழாயில் குட்டிக்குப் பல் பிடிக்காது. நாலு காலுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு ஸ்பிரே பாட்டில் காசுகூட இல்லை. கதவு நிலை, அலமாரி மூலை இவற்றுக்கு அலுமினியப் பட்டை வைக்கலாம். சாக்கைச் சுற்றுவது மட்டும் உதவாது. சணல் இழை குட்டிக்கு மரத்தைவிடப் பிடிக்கும். இழையாக விழுங்கினால் குடலில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது அறைவாசலில் இடுப்புயரத் தடுப்புக் கதவு. குழந்தைகளுக்கு விற்பதே போதும், இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் ஒரு சின்ன கிரில். வீட்டுச் சாமான் முழுவதையும் காப்பதைவிடக் குட்டி நடமாடும் இடத்தைச் சுருக்குவது சுலபம். நாங்கள் சமையலறைக்கும் பின்வாசலுக்கும் இடைப்பட்ட நடையை அவளுக்கு ஒதுக்கினோம். அங்கே கடிக்க இருந்தது சுவர் ஒன்றுதான். மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு வயர்களை ஆணியடித்து மேலே ஏற்றினோம். இதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டும். நாற்காலி போனால் வாங்கிக்கொள்ளலாம். 230 வோல்ட் ஓடும் வயரைக் கடித்தால் குட்டியே போய்விடும். தப்பிய இரண்டாவது ஆபத்து அது. சார்ஜர் வயரில் பல் தடம் பதிந்திருந்தது, நல்லவேளையாக ஸ்விட்ச் போடவில்லை.

கூண்டு பற்றி இரண்டு கட்சி உண்டு. சிறையில் அடைப்பதா என்பவர்கள் ஒருபக்கம், கூண்டில்லாமல் நாய் வளர்க்கவே முடியாது என்பவர்கள் இன்னொருபக்கம். நான் நடுவில் நிற்கிறேன். கதவைத் திறந்துவைத்து, உள்ளே சோறு போட்டு, தானாகப் போய்ப் படுக்கும் இடமாக ஒரு வாரம் பழக்கினால், ராத்திரிக்கும் ஒன்றிரண்டு மணி நேர வெளிவேலைக்கும் கூண்டு அருமையானது. நாம் பார்க்காதபோதும் எல்லாச் சாமானையும் ஒருசேரக் காக்கும் வழி இதுதான். ஆனால் கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அது சிறுநீரை அடக்கக்கூடிய உச்சபட்ச மணி நேரம் வரும். மூன்று மாதக் குட்டிக்கு நாலு மணி நேரம் என்பதே அதிகம். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ கூண்டை வைத்துவிடாதீர்கள். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். கோபத்தில் உள்ளே தள்ளிப் பூட்டினால் அந்தக் கூண்டு அன்றோடு வீண்.

சங்கிலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டால் சாமான் தப்பும், நாய் கெடும். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் குட்டி சங்கிலியைக் கடிக்கும், பல் உடையும், வருகிறவர் போகிறவரைப் பார்த்துக் குரைத்துக் குரைத்துச் சீறும் குணம் வந்துவிடும். வேண்டாம்.

வாய்க்கு என்ன கொடுப்பது

கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது பதிந்தால் குட்டிக்குக் கொடுக்கலாம். பதியாத கெட்டிப் பொருள் பல்லை உடைக்கும். இந்தச் சோதனையில் மாட்டுக் குளம்பு தோற்றுவிடும், காய்ந்த பெரிய எலும்பும் தோற்றுவிடும். மான் கொம்பு தருகிறேன் என்று யாராவது சொன்னால் தள்ளி நில்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம், உதிர்ந்த கொம்பானாலும் சரி.

முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்பு எல்லாக் கடையிலும் தொங்கும். குட்டிக்கும் பிடிக்கும். ஊறி வழுவழுத்த துண்டு தொண்டையில் மாட்டுவதும் வயிற்றில் உப்புவதும் உண்டு என்பதால் அதை விட்டுவிட்டோம். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், அதுவும் கூடாது. தேங்காய் மட்டையைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாரை விழுங்குகிற குட்டியென்றால் அதுவும் குடலுக்கு ஆபத்து. பழைய செருப்பு வேறு வகையில் தப்பு. பழசு எது, நேற்று வாங்கினது எது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு செருப்பைக் கொடுத்தால் வாசலில் கிடக்கும் செருப்பையெல்லாம் கொடுத்த மாதிரிதான்.

பிறகு என்னதான் கொடுப்பது? நடுவில் குழிவான கெட்டி ரப்பர் பொம்மை. குட்டிகளுக்கென்று கொஞ்சம் மெதுவான ரப்பரில் வரும். சில நூறு ரூபாய் ஆகும், ஆனால் எங்கள் செலவிலேயே நன்றாகச் செலவழிந்த காசு அதுதான். உப்புப் போடாமல் பிசைந்த தயிர்சாதத்தை அதற்குள் அடைத்து, ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். குளிர்ச்சி ஈறுக்கு இதம். நக்கி நக்கி எடுக்க அரைமணி நேரம் ஆகும். செவலை அதைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ரப்பரின் வாய்க்குள் நாக்கைச் சுழற்றி, கடைசிப் பருக்கை வரமாட்டேன் என்றால் பொம்மையைத் தூக்கித் தரையில் ‘தொம்’மென்று போடுவாள். அது உருண்டு ஓட, பின்னாலேயே ஓடுவாள். அந்த அரைமணியில் அவளுக்குக் கட்டில் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. அடைக்கும் சோற்றில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் சேரக்கூடாது. நிலக்கடலை வெண்ணெய் என்றால் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நாய்க்கு அது கொடிய விஷம்.

காசில்லாத வழியும் உண்டு. பழைய தேங்காய்ப்பூத் துண்டை நனைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டு, உறையவைத்துக் கொடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும், நூல் பிரிந்ததும் வாங்கிவிட வேண்டும். பெரிய கேரட்டை முழுசாக உறையவைத்தும் தரலாம். பொம்மைகளை எல்லா நாளும் தரையில் போட்டுவைக்காமல், நாலில் இரண்டை ஒளித்துவைத்து நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதுசு மாதிரி பாய்ந்து வரும்.

அடியா, பண்டமாற்றா

‘செஞ்ச தப்பு அதுக்கே தெரியும், மூஞ்சியப் பாரு’ என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். காதைத் தாழ்த்தி, கண்ணை ஒதுக்கி, வாலை இடுக்கிக்கொண்டு நிற்கும் அந்த முகத்தை அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. எஜமானர் திட்டும்போதுதான் அது வருகிறது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் நிற்கிறது. ஆபீஸிலிருந்து வந்து, காலையில் கடித்த சோபாவுக்குச் சாயங்காலம் அடித்தால், குட்டிக்குப் புரிவது ஒன்றே ஒன்று: நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அடி விழும். அடிக்குப் பயந்த குட்டி கடிப்பதை விடாது, கட்டிலுக்கு அடியில் போய்க் கடிக்கும்.

பண்டமாற்று எங்களுக்குப் பலித்தது. வாயில் சாமான் இருக்கும்போது துரத்தக் கூடாது, துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். பிடுங்கவும் கூடாது, பிடுங்கினால் அடுத்த தடவை உறுமும். அவித்த கோழித் துணுக்கு ஒன்றை மூக்குக்கு முன்னால் நீட்டி, ‘விடு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லி, வாய் திறந்ததும் அதைக் கொடுத்து, உடனே ரப்பர் பொம்மையை அதன் வாயில் தர வேண்டும். நாளுக்குப் பத்துத் தடவை. இரண்டு வாரத்தில் செவலைக்கு ‘விடு’ படிந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் தருவது இந்த வழிதான். ஆனால் ஆள் கூடவே இருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய ஒரு சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை. பார்வோ (குட்டிகளின் உயிரைப் பறிக்கும் வைரஸ் நோய்) உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போகும். முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை இறக்கிவிட முடியாது. பல் நமைக்கும் காலமும் வெளியே போக முடியாத காலமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. சேர்த்துவைத்த தெம்பெல்லாம் நாற்காலியில் இறங்குகிறது. நாங்கள் ஐந்து எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, இரண்டுக்கு அடியில் மட்டும் கோழித்துணுக்கு வைப்போம். மோந்து மோந்து கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம், அதற்குள் அசந்துவிடுவாள். அதேபோல் தூக்கமும் முக்கியம். குட்டிகள் நாளுக்குப் பதினெட்டு, இருபது மணி நேரம் தூங்கும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பேய் பிடித்த மாதிரி ஓடிக் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் வேண்டியது விளையாட்டு இல்லை, தூக்கம். விளக்கைக் குறைத்து அதன் இடத்தில் விட்டால் ஐந்து நிமிஷத்தில் கண் சொருகும்.

எந்த வீட்டுக்கு எது

பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும் குடும்பமென்றால் கூண்டுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தடுப்புக் கதவு, காலுக்குக் குழாய், ரப்பர் பொம்மை, பண்டமாற்று. மெல்லிய கயிற்றின் ஒரு நுனியைக் குட்டியின் கழுத்துப்பட்டையிலும் மறுநுனியை நம் இடுப்பிலும் கட்டிக்கொண்டு வீட்டுவேலை பார்த்தால், குட்டி கண்ணைவிட்டு மறையாது. வயதானவர்கள் இடுப்பில் கட்ட வேண்டாம், தடுக்கி விழுந்துவிடுவார்கள். ஆச்சி தன் நாற்காலிக் காலில் கட்டிக்கொண்டு கீரை ஆய்வாள்.

இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீட்டில்தான் முடிவு கடினம். ஒன்பது மணி நேரம் கூண்டில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓர் அறையைக் காலி செய்து, கம்பித் தட்டிகளால் வட்டமிட்டு அடைத்து, மத்தியானம் ஒருவர் வந்து வெளியே விட்டு, உறைந்த பொம்மையை மாற்றிவைக்க ஏற்பாடு வேண்டும். அதற்கு ஆளில்லையென்றால் குட்டிக்குப் பதிலாக ஒன்றரை, இரண்டு வயது தாண்டிய நாயைத் தத்தெடுப்பதை யோசியுங்கள். பல் முளைக்கும் காலம் முடிந்திருக்கும், கடிக்கும் குணம் உண்டா என்று எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். குட்டிதான் வேண்டுமென்றால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்ததை வாங்காதீர்கள். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி அப்படி விற்பதே தவறு. அடக்கிக் கடிக்க வேண்டும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் முதலில் பழகுகிறது.

ஒரு வகைக் கடி இவை எதிலும் சேராது. நீங்கள் வெளியே போனால் மட்டும், கதவு நிலையையும் ஜன்னல் ஓரத்தையும் மட்டும் குதறுகிறது, எச்சில் ஒழுக ஊளையிடுகிறது என்றால் அது தனிமைப் பயம். அந்தக் குட்டியைக் கூண்டில் அடைத்தால் கம்பியில் பல்லை உடைத்துக்கொள்ளும். நேரே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். சோபா பஞ்சையோ துணியையோ விழுங்கிய குட்டி வாந்தி எடுத்து, சோறு தொடாமல் சுருண்டு படுத்தாலும் மறுநாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

தடுப்பை எப்போது எடுப்பது? ஏழு மாதத்தில் பல்லெல்லாம் முளைத்துவிட்டதே என்று நாங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றினோம். அன்றைக்கே கட்டிலில் புதுத் தடம். மறுபடியும் மாட்டிவிட்டு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஓர் அறை என்று திறந்துவிட்டோம். முதலில் கூடம், அப்புறம் ஆச்சியின் அறை. செவலைக்கு இப்போது பதினொரு மாதம். கட்டில் காலில் குழாய் இல்லை, அவள் அதன் அடியில்தான் படுக்கிறாள். சாமி அறை வாசலில் போட்ட கிரில்லை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. உள்ளே இருப்பது சித்திர வேலை செய்த மர மண்டபம். தைப்பொங்கல் கழியட்டும் என்றிருக்கிறாள் ஆச்சி.